வெரோணிக்கம்மாள் முகத்தில் இரண்டு கோடுகள்

ஏரி தூர்ந்து மனையாகி, மனை தெருவாகி, அந்தத் தெருவுக்கு ஒரு பெயர் வைக்கக்கூட யாருக்கும் நேரமில்லாமல் நாங்களே அதை ஸ்டூடியோ தெரு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், கோடம்பாக்கம் ரயில்வே கேட்டில் நடிகர்களின் கார்களும் வைக்கோல் வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்துக் கிடந்த காலத்தில், விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு மூன்றுகால் ஸ்டாண்டோடும் ஓயாமல் சிரிக்கிற ஒரு மனைவியோடும் வந்து இறங்கினார் போட்டோகிராபர் சவரிராயன். முதல் ஆறு மாதம் கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும் எடுத்தார். ஒருநாள் ஒரு படக் கம்பெனியின் ஸ்டில் போட்டோகிராபருக்கு அம்மை போட்டுவிட, ஆளில்லாமல் இவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு சினிமாக்காரர்கள் அவரை விடவில்லை.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் "சிரிங்க" என்று சொல்ல மாட்டார். நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு லென்சைத் துடைப்பார், துடைத்ததையே திரும்பத் துடைப்பார். வந்தவர் தலையைச் சாய்த்துப் பார்ப்பார், புருவத்தை ஏற்றிப் பார்ப்பார், பட்டாளத்தை நடத்துகிறவர் போலவும் காதலியைப் பிரிந்தவர் போலவும் நடித்துப் பார்ப்பார், எல்லாம் சலித்துப்போய் "என்னய்யா, இன்னும் ஆகலையா?" என்று தன் சொந்த முகத்தோடு திரும்புவார். அந்த நொடிக்குத்தான் சவரிராயன் காத்திருப்பார். பத்திரிகை அட்டை, பாட்டுப் புத்தகம், காலண்டர், சோப்பு விளம்பரம் என்று நாடெங்கும் தொங்கிய முகங்கள் எல்லாம் அப்படிப் பிடிபட்ட முகங்கள்தான்.

படம் எடுப்பது பாதி வேலை. மீதிப் பாதி நெகட்டிவில். சன்னலோரம் சாய்வு மேசையில் பால் கண்ணாடியின் மேல் நெகட்டிவை வைத்து, உப்புத்தாளில் தீட்டித் தீட்டி ஊசியாக்கிய பென்சிலால், முகத்தில் வேண்டாததை எல்லாம் புள்ளி புள்ளியாக நிரப்புவார். டச்சிங் என்பார்கள். எல்லா ஸ்டூடியோவிலும் செய்கிறதுதான். மற்றவர்கள் நிரப்பினால் படத்தில் மறையும். சவரிராயன் நிரப்பினால் முகத்திலேயே மறைந்தது.

முதலில் மறைந்தது நடிகை பத்மதாரிணியின் நெற்றித் தழும்பு. சின்ன வயதில் அவளுடைய சித்தி தோசைக் கரண்டியைக் காய்ச்சி இழுத்தது. அழுகைக் காட்சி என்றால் பத்மதாரிணி என்று பேரெடுத்தவள் அவள். தாய்மார்கள் அவள் படத்துக்குப் போகும்போது இரண்டு கைக்குட்டை எடுத்துப் போவார்கள். படம் எடுத்த மறுநாள் காலை மேக்கப்மேன் குப்புராவ் பசையைக் குழைத்துக்கொண்டு அவள் நெற்றியில் தழும்பைத் தேடினார், கிடைக்கவில்லை. குப்புராவ் எங்கள் தெருவுக்கு வந்து நடுவீதியில் நின்று, "உன் தொழிலை நீ பாரு, என் பொழப்புல ஏன்யா கை வைக்கிறே?" என்று கத்தினார். எங்களுக்கு அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே பட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா? நடிகர்களின் கார்களுக்குப் பின்னால் நாங்களும் வரிசையில் நின்றோம். கல்யாணத் தரகர்கள் பெண்களைக் கூட்டி வந்தார்கள். பாலாறு தாண்டி, பாண்டிச்சேரி தாண்டி, வடுவும் தேமலுமாக ஆட்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் அங்க அடையாளம் இரண்டு எழுத வேண்டும் அல்லவா, இடது புருவத்தின் மேல் தழும்பு, வலது கன்னத்தில் மச்சம் என்று எழுதி வாங்கியவர்கள் எல்லாம் பளிங்கு முகத்தோடு வேலைக்கு மனுப் போட, இது வேறு ஆள் என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு குமாஸ்தா அடையாளம் என்ற இடத்தில் "சவரிராயன் எடுத்துவிட்டார்" என்று எழுதத் தொடங்கினார், அது செல்லுபடியும் ஆனது.

தழும்பு போனால் தழும்பு வந்த கதையும் சேர்ந்து போய்விடும் என்பதை நாங்கள் மெதுவாகத்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் ஸ்டேஷன் கான்ஸ்டபிள் தன் கன்னத்துக் கத்திக்குத்துத் தழும்பை எடுக்க வைத்தார், குத்தினவன் ஜெயிலிலிருந்து வந்து பயந்து பயந்து வணக்கம் வைக்க, "யாருப்பா நீ, நல்லாருக்கியா?" என்று தோளில் தட்டினார். பத்மதாரிணி தன் வீட்டு வாசலில் காலே வைக்கக்கூடாது என்று பத்து வருஷமாகத் துரத்திக்கொண்டிருந்த சித்தியை ஆள் அனுப்பி அழைத்து, காரில் முன் சீட்டில் உட்கார வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். அந்தச் சித்தி கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். எங்கள் தெருப் பெண்கள் கூடிப் பேசி ஒரு சட்டம் வகுத்தார்கள்: மச்சம் பிறவியிலே வந்தது, எடுத்தால் ஒன்றும் போகாது; தழும்பு என்றால் மட்டும் ஒருதரத்துக்கு இரண்டுதரம் யோசிக்க வேண்டும்.

இதையெல்லாம் யாரைவிடவும் நன்றாகத் தெரிந்தவர் சவரிராயன். தெரிந்துதான் செய்தார்.

அவருடைய மனைவி வெரோணிக்கம்மாள் குழாயடியில் சிரித்தால் ரயில்வே கேட்டில் கேட்கும் என்று சொல்வோம். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வோம், ஆனாலும் அப்படி ஒரு சிரிப்பு. அவர்களுக்கு ஒரே பெண், பிலோமினா. பிலோமி. தெருவில் எந்த வீட்டில் மீன் குழம்பு வாசனை வந்தாலும் தட்டோடு போய் உட்கார்ந்துவிடும். இந்த நாட்டில் பேர் சொல்லக்கூடிய முகங்களை எல்லாம் படம் பிடித்த மனிதர், தன் பெண்ணை மட்டும் ஒரு படம்கூட எடுத்ததில்லை. மனைவி கேட்கும்போதெல்லாம், "புதுநன்மை வாங்கட்டும் வெரோணி. வெள்ளை கவுனு, தலையில முக்காடு, கையில மெழுகுவத்தி. எம்பொண்ணோட மொதப் படம் அதாத்தான் இருக்கணும்" என்பார். புதுநன்மை என்பது கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்கு ஏழு எட்டு வயதாக வேண்டும். பிலோமிக்கு ஆறு முடிந்த மழைக்காலத்தில் தொண்டை அடைப்பான் வந்து நான்கே நாளில் போய்ச் சேர்ந்தாள்.

பிணத்தோடு சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்கிற வழக்கம் அப்போது எல்லா வீட்டிலும் இருந்தது. தூக்குவதற்கு முன்னால் வெரோணிக்கம்மாள் புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இப்பயாச்சும் ஒண்ணு எடுங்க, ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சினாள். அவர் ஸ்டாண்டை நிறுத்தினார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெளியே வரவேயில்லை. பங்குச் சாமியார் இரண்டுமுறை மணியைப் பார்த்தார், அப்புறம் நாங்களே அவரைத் துணிக்குள்ளிருந்து வெளியே எடுத்து, சவப்பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு போனோம்.

வெரோணிக்கம்மாள் நாலு வருஷம் அழுதாள். மிகைப்படுத்தவில்லை, நாலு வருஷம். மண் தரையில் தண்ணீர் ஓடி ஓடி வாய்க்கால் விழுவது போல, கண்ணின் ஓரத்திலிருந்து தாடை வரைக்கும் இரண்டு பக்கமும் இரண்டு கோடுகள் விழுந்துவிட்டன. பேச்சு குறைந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் சோறு போடும்போது, இலையைப் பார்த்துக்கொண்டே, ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். "ஒரு போட்டோ எடுத்திருக்கலாம்."

கோபமாகச் சொன்னால் தாங்கியிருப்பார். அவள் சும்மா சொன்னாள். ஆயிரத்து நானூறு சாப்பாட்டுக்கு மேல் அந்த வாக்கியத்தோடு சாப்பிட்டவர், ஒருநாள் மத்தியானம், சன்னலடியில் அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்காமல் கொள்ளாமல் ஒரு படம் எடுத்தார். அவள் முகத்தில் இவர் காத்திருக்க வேண்டிய நொடி என்று ஒன்றுமில்லை, எந்நேரமும் அது அவள் சொந்த முகம்தான். நெகட்டிவைக் கழுவி, காயவைத்து, சாய்வு மேசையில் போட்டு, பென்சிலைத் தீட்டினார். இடது கோட்டை நிரப்பும்போது மழை தூறியது, வலது கோட்டை நிரப்பும்போது விட்டுவிட்டது.

மறுநாள் காலை குழாயடியில் சிரிப்புக் கேட்டது. நாங்கள் எல்லோரும் குடத்தை அப்படியே வைத்துவிட்டு நின்றோம். வெரோணிக்கம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என்னாடி எல்லாம் பேய பாத்த மாதிரி பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம், "ஏங்க, பொட்டியில சின்னக் கவுனு ரெண்டு கெடக்குது. படம் எடுக்க வந்தவங்க யாரோ மறந்துட்டாங்க போல, பாவம், குடுத்துடுங்க" என்றாள். அவர் அந்தக் கவுன்களைக் கொண்டுபோய் கன்னியாஸ்திரீகள் நடத்தும் அனாதை இல்லத்தில் கொடுத்தார். வரும் வழியில் ஒவ்வொரு வீடாக ஏறிக் கைகூப்பினார். "தயவு பண்ணி அந்தப் பேரை யாரும் சொல்லாதீங்க. அவ சிரிக்கிறா, பாத்தீங்கல்ல?"

நாங்கள் ஒப்புக்கொண்டோம். அவள் மேல் உள்ள பிரியத்தால் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், அந்த அழுத முகத்தை நாலு வருஷம் பார்த்து எங்களுக்கும் அலுத்துவிட்டிருந்தது. ஒரு தெரு முழுக்க வாயைக் கட்டுவது லேசா என்ன? நாங்கள் கட்டினோம். மூலை வீட்டில் பிலோமினா என்றே இன்னொரு பெண் இருந்தாள், அவளை மினா என்று கூப்பிடப் பழகினோம். கல்லறைத் திருநாளுக்குச் சாமியார் இறந்தவர்கள் பேர் வாசிக்கும்போது அந்தப் பேர் வரும் இடத்தில் இருமினார். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு, தண்ணீர் எப்போது வரும் என்று சொல்வதோடு இதையும் சொல்லிவைத்தோம். இரண்டு மூன்று வருஷத்தில் அது எங்களுக்கு ஒரு சிரமமாகவே இல்லை, அந்தக் குழந்தையை நாங்களே மறந்துவிட்டோம்.

சவரிராயன் ஒருவர்தான் மிச்சம். கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி வெளியூர் ஷூட்டிங் என்று பொய் சொல்லிவிட்டு ஒற்றை மெழுகுவத்தியோடு கீழ்ப்பாக்கம் கல்லறைக்குப் போவார். இரண்டு பேர் சுமந்த பாரம் அல்லவா, ஒருத்தர் கையை எடுத்துக்கொண்டால் மற்றவர் தலையில்தான் முழுக்க இறங்கும். அந்த வருஷங்களில் அவர் எடுத்த படங்களில்தான் ஏதோ ஓர் ஆழம் இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. சிரிப்பு நடிகர்களின் படத்தைப் பார்த்துக்கூட ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாலை போட்டார்கள், பட்டம் கொடுத்தார்கள், பம்பாயிலிருந்தெல்லாம் நட்சத்திரங்கள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மனைவி வெரோணிக்கம்மாள் அவர்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்து, "இவரு எப்பவுமே இப்படித்தாங்க, உம்முனு இருப்பாரு, கண்டுக்காதீங்க" என்று சிரிப்பாள்.

இப்படிப் பதினொரு வருஷம்.

பதினோராம் வருஷம் பத்மதாரிணி மறுபடி வந்தாள். காரில் வரவில்லை, ரிக்‌ஷாவில் வந்தாள். "அண்ணே, எனக்கு அழுகை வரல. கிளிசரின் போட்டா கண்ணுல தண்ணி வருது, அழுகை வரல. ஜனங்க கண்டுபிடிச்சுட்டாங்க. எந்தத் தழும்பை எடுத்தீங்களோ அதத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள். அவர் பழைய நெகட்டிவைத் தேடி எடுத்து, பஞ்சில் டர்பென்டைன் நனைத்துத் துடைத்தார். பென்சில் போனது. நெற்றியில் தழும்பு சிவந்து எழும்பியது. அன்று சாயங்காலமே அவள் சித்தியின் துணிமூட்டை வாசலுக்கு வந்துவிட்டது. அடுத்த படத்தில் அவள் அழுத அழுகைக்கு அது நூறு நாள் ஓடியது. சித்தி என்ன ஆனாள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

துடைத்தால் திரும்பும் என்று அன்றைக்குத்தான் சவரிராயனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வெரோணிக்கம்மாளின் நெகட்டிவை அவர் தொடவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள், நான் அழுதால் போதும் என்று இருந்தார். அது தியாகம் என்று அவர் நினைத்திருக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அப்புறம் ஒரு மாசி மாதத்துக் காலையில் அவர் எழுந்து பார்த்தபோது பிலோமியின் முகம் அவருக்கு நினைவில் இல்லை. கவுன் தெரிந்தது, தட்டோடு போகும் நடை தெரிந்தது, கழுத்துக்கு மேலே வெறும் வெளிச்சம். ஆயிரம் முகங்களை ரோமம் ரோமமாகத் தெரிந்த மனிதருக்குத் தன் பிள்ளையின் முகம் தெரியவில்லை. சட்டைகூடப் போடாமல் தெருவில் இறங்கி, பதினொரு வருஷத்துக்கு முன்னால் கைகூப்பிய அதே வீடுகளில் ஏறினார். "எம்பொண்ணு எப்படி இருந்தா? கொஞ்சம் சொல்லுங்க." எங்களில் ஒருத்தர் வட்ட முகம் என்றார், ஒருத்தர் நீள முகம் என்றார். கன்னத்தில் குழி உண்டென்றார் ஒருவர், எந்தக் கன்னம் என்று கேட்டதும் விழித்தார். எதிர்வீட்டு தனக்கோடி அம்மாள், அந்தக் குழந்தை அதிகமாக மீன் குழம்பு சாப்பிட்டது அவள் வீட்டில்தான், அவளுக்கும் அந்த முகம் வரவில்லை. "அந்தப் பேரச் சொல்லாதீங்கன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க" என்று அழுதாள்.

வீட்டுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு நடந்ததைத் தனக்கோடி அம்மாள்தான் சொன்னாள். அவள் மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள், எதிரே சன்னல் திறந்திருந்தது.

வெரோணிக்கம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய நெகட்டிவை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "வெரோணி, நமக்கு ஒரு பொண்ணு இருந்திச்சு."

அவள் கீரை உருவுவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அடிவயித்துல கோடு கோடா இருக்குதே. மொகத்தத்தான் போட்டோ எடுத்தீங்க, வயித்த எடுக்கலயே. குளிக்கிறப்ப தெனம் பாப்பேன். பெத்த வயிறுன்னு தெரியுது. புள்ள எங்கன்னு தெரியல." அவள் ஒரு ஈர்க்கைத் தனியாக எடுத்துப் போட்டாள். "கேக்கலாம்னு வருவேன். நீங்க மொகத்த வச்சிருக்கறத பாத்தா, நான்தான் ஏதோ பண்ணிட்டனோன்னு பயமா இருக்கும். சிரிச்சிட்டுப் போயிடுவேன்."

சவரிராயன் எல்லாவற்றையும் சொன்னார். புதுநன்மைக்காகத் தள்ளிப் போட்டதை, கறுப்புத் துணிக்குள் நின்றதை, பென்சிலை. அப்புறம் சொன்னார்: "அவளுக்கு இந்த உலகத்துல ஒரே ஒரு போட்டோதான் இருந்திச்சு வெரோணி. அது உம்மொகத்துல இருந்திச்சு. அதையும் நான் அழிச்சிட்டேன். இதத் தொடச்சா திரும்பி வரும். ஆனா எல்லாம் வரும். தொடைக்கட்டுமா வேண்டாமான்னு நீதான் சொல்லணும்."

அவள் அந்த நெகட்டிவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நெகட்டிவில் எல்லோரும் அந்நியர்தான். "நாலு வருஷம் அழுதனா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். கீரைக் காம்புகளை முறத்தில் ஒதுக்கிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தொடைங்க. எம்புள்ள எங்கிட்ட வரட்டும்."

பஞ்சை நனைக்க அவருக்குக் கை வரவில்லை. அவளே அவர் கையைப் பிடித்து நனைத்தாளாம். முதலில் இடது கோடு, அப்புறம் வலது. பதினொரு வருஷத்து வயதும் சேர்ந்து இப்போது இன்னும் ஆழமாக அவை இறங்கின. வெரோணிக்கம்மாள் சுவரைப் பார்த்துப் பேசினாள், யாரிடமோ பேசுவது போல.

"மேல் பல்லு ஒண்ணு வுழுந்து அப்பத்தான் மொளைச்சிது. வலது காதோரம் முடி சுருட்டிக்கும், எண்ணெய் வச்சாலும் படியாது. சிரிச்சா ஒரு கண்ணு சின்னதாயிடும்." முறத்தைத் தள்ளி வைத்தாள். "தண்ணி கேட்டுச்சு. கடைசி நாளு. தொண்டை இருக்கற நெலமையில குடுத்தா பொரையேறிடும், குடுக்கவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அம்மா தண்ணி, அம்மா தண்ணின்னு கேட்டுச்சு. நான் குடுக்கல. நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க."

அந்த இரண்டு கோடுகளுக்குள் இது இருந்தது சவரிராயனுக்குத் தெரியாது. போட்டோ எடுக்காததற்குத்தான் அவள் நாலு வருஷம் அழுதாள் என்று நினைத்திருந்தார், தன் குற்றத்தை அழிப்பதாக நினைத்துத்தான் பென்சிலை எடுத்தார். அவள் சொல்ல முடிந்த வாக்கியம் போட்டோ, சொல்ல முடியாதது தண்ணீர். அதைக் கேட்க அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, எல்லா முகத்துக்கும் காத்திருக்கத் தெரிந்த மனிதர்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"சொல்ல வரதுக்குள்ள அழிச்சிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு, வெரோணிக்கம்மாள் வாயைத் திறந்து அலறினாள். அவரும் அலறினார். பதினைந்து வருஷத்தில் முதன்முதலாக அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து அழுத சத்தம் கேட்டது.

நாங்கள் அவரவர் வாசலில் நின்றோம். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன், என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்தேதான் இருந்தது, செய்ய வெட்கமாக இருந்தது. முதலில் தனக்கோடி அம்மாள் மாடியிலிருந்து இறங்கி, தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, "எம்மா பிலோமி" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டபடி தெருவைக் கடந்தாள். அந்தப் பேரைக் கேட்டதும் மூலை வீட்டு மினா வெளியே வந்தாள், யாரோ தன்னைக் கூப்பிட்டது போல. அப்புறம் பெண்கள் எல்லோரும் போய் வெரோணிக்கம்மாளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆண்கள் பெஞ்சுகளைக் கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். யாரோ போய்ச் சாமியாரை அழைத்து வந்தார்கள். அவர் கிழவராகிவிட்டிருந்தார், இந்தத் தடவை இருமாமல் பேரை முழுசாகச் சொல்லி ஜெபித்தார். சேதி கேட்டு சைதாப்பேட்டையிலிருந்தும் வடபழனியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். யார் தவறிப்போனது, எத்தனை வயசு என்று கேட்டவர்களுக்கு, "பெண் குழந்தைங்க, ஆறு வயசு, இன்னிக்குக் காலையிலதான்" என்று சொன்னோம். அன்று எங்கள் தெருவில் யாரும் உலை வைக்கவில்லை, சோறு பக்கத்துத் தெருவிலிருந்து வந்தது.